முதல் ஷிஃப்டுக்கு என்னை அனுப்பிய மல்லிகாவுக்கு

என் மல்லிகா,

நாவல் முடிந்துவிட்டது. நேற்று மதியம் கடைசிப் பக்கத்தை எழுதிவிட்டு, உன்னிடம் சொல்ல எழுந்து கூடத்துக்கு வந்தேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

சுரங்க வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதப்போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாம் பதறினார்கள். நீ பதறவில்லை. "நான் கம்பெனி ஆஸ்பத்திரில நர்ஸ் வேலைக்குப் போய்க்கினுதான இருக்கேன், நீங்க எழுதுங்க" என்றாய்.

நான் எழுதினேனா? பேப்பர் படித்தேன். மார்க்கெட் வரை போய் டீ குடித்தேன். வந்து தூங்கினேன். ஷிஃப்டு இல்லாத நாளை எங்கே பிடித்துத் தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. நாவல் பாதியில் கிடந்தது.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் என்னை எழுப்பி, கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்தாய்.

"எங்க போகச் சொல்லுத?"

"ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு. வாசல் வழியா போயி, நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்க ஒரு சுத்து சுத்திக்கினு, தோட்டத்துப் பக்கமா பின் ரூமுக்கு வாங்க. ஷிஃப்டு முடியற வரைக்கும் நீங்க வூட்ல இல்ல."

சிரித்தேன். நீ சிரிக்கவில்லை; சட்டை கூடத் தேய்த்து வைத்திருந்தாய். போனேன். அன்று எழுதிய ஒரு பக்கம்தான் பல மாதத்தில் முதல் பக்கம். அதன்பிறகு யார் என்னைத் தேடி வந்தாலும், "அவரு டூட்டில இருக்காருங்க" என்று அனுப்பிவிடுவாய். நம் மகள் தீபா தலையில் அடித்துக்கொள்வாள். "அம்மா, அப்பா உள்ளதான உக்காந்திருக்காரு!"

பிறகு நீயே உன் வார்டில் நோயாளியாகப் படுத்தாய். எழுத்தை மூட்டை கட்டிவிட்டு உன் கட்டிலருகே உட்கார வந்தேன். நீ விடவில்லை.

"காலையில தீபா பாத்துக்குவா. நீங்க டூட்டி முடிச்சிட்டு வாங்க. எழுதுனத எடுத்துக்கினு வாங்க."

மாலைதோறும் படித்துக் காட்டினேன். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கேட்டாய். "உங்க கதையில வள்ளி ஏன் புருசன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கினு இருக்கா? எந்த வூட்ல அப்படி ஒரு பொம்பள இருக்கா?" பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து வள்ளியை வாயாடியாக மாற்றினேன். கதைக்கு உயிர் வந்ததே அங்கேதான். உடம்பு அப்படி நோகும்போது இன்னொருவர் வேலை நின்றுவிடக்கூடாது என்று நினைக்க உன்னால் எப்படி முடிந்தது?

உன் காரியம் முடிந்த மறுவாரம் பின் ரூமில் பாயைப் போட்டுச் சுருண்டு கிடந்தேன். சுரங்கத்தில் என்னுடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வாசலில் தீபாவின் குரல் கேட்டது.

"அப்பா டூட்டில இருக்காங்க அங்கிள். சாயங்காலம் வாங்க."

என் பிள்ளை சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்து உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். அன்று நாலு வரிதான் வந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம்.

கம்பெனி குவார்ட்டர்ஸ் உன் வேலைக்காக உன் பெயரில் இருந்தது. அடுத்த மாதம் காலி செய்கிறோம். குறிஞ்சிப்பாடியில் தீபா வீடு பார்த்திருக்கிறாள். அவள் வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் நான் மட்டும்தான். முன்பு அதை நினைத்தால் பயமாக இருக்கும். இப்போது அடுத்த கதைக்கு ஒரு தொடக்கம் கிடைத்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மல்லிகா. அந்த வீட்டில் யாரும் என்னை எழுப்ப வேண்டியிருக்காது.

உன் வீட்டுக்காரன்,
சுப்பையா