நான் முடுக்கிய நாலு போல்ட்

காரைக்கால்மேடு,
வியாழன், பிற்பகல் மூன்று மணி

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உடம்பு சுகம்தான், மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போல்ட் முடுக்குகிற பேட்டரி மிஷின் திங்கட்கிழமை வந்தது. நேற்று உன் அண்ணன் அன்பழகனின் படகில் இன்ஜின் உட்காரும் கட்டைக்குப் புதுசாய் நாலு போல்ட் போட்டேன். கப்பல் பட்டறையில் தினமும் நீ செய்கிற வேலை, மூன்று தடவை படித்துப் படித்துச் சொன்னாய், நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்று, மிஷினை நேராக வை, டகடகவென்று அடிக்க ஆரம்பித்ததும் விரலை எடு, கடைசி இறுக்கத்தை ஸ்பேனரில் கையால் போடு என்று. எனக்குத் தெரியாதா போ என்றேன். கரையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்றார்கள், இன்னும் ரெண்டு அடி அடிங்கண்ணே என்றான் ஒருத்தன். முப்பது வருஷக் கடலில் இன்ஜின் ஆடிக் கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன், இறுகிக் கெட்டதைப் பார்த்ததில்லை. முழங்கால் போய் வீட்டோடு உட்கார்ந்த பிறகு என்னை யாரும் அப்படிச் சுற்றி நின்றதும் இல்லை. நான் விரலை எடுக்கவே இல்லையம்மா.

இன்று விடியலில் அன்பழகனும் அவன் கூட்டாளி சிவராமனும் கடலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஒரு போல்ட்டைக் கொல்லையில் ஒரு பழைய கட்டையில் வைத்து அதேபோல் அடித்துப் பார்த்தேன், பட்டென்று இரண்டாய் முறிந்துவிட்டது. பன்னிரண்டுக்கே வந்திருக்க வேண்டியவர்கள், இன்னும் காணோம். ஆழத்தில் சிக்னலும் கிடையாது. ஐந்து தடவை கரைக்கு நடந்துவிட்டேன். அம்மா சோறு போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவளிடம் எந்த வாயால் சொல்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது நித்யா.

மணி ஐந்து. வந்துவிட்டார்கள். திருவேட்டக்குடிக்கு நேரே ஒரு போல்ட் அறுந்து இன்ஜின் துள்ளிவிட்டதாம், வலைக்கயிற்றைப் போட்டுக் கட்டி மெல்ல ஓட்டி வந்திருக்கிறார்கள். அன்பு எல்லார் முன்னாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, யப்பா, மத்த மூணையும் நீங்க அவ்ளோ இறுக்கி வச்சதாலதான் வந்து சேந்தோம் என்றான். சிவராமன் மனைவி என் கையைப் பிடித்து அழுதாள். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அறுந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு விடியலில் மறுபடி போகிறானாம். மற்ற மூன்றையும் அதே கைதானே அடித்தது. மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பான், அந்தப் பத்துப் பேரும் அங்கேயேதான் நிற்கிறார்கள். எழுந்து போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

நான் அளவுக்கு மீறி அடித்து இறுக்கியதில்தான் போல்ட் அறுந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்பு என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, ஸ்பேனரை எடுத்துக் கழற்ற உட்கார்ந்தான். இரண்டு போல்ட் ஒழுங்காக வந்தன, மூன்றாவது ஸ்பேனரை வைத்ததுமே முறிந்து கையோடு வந்தது.

நீ நன்றாக இரு தாயே, நேரத்துக்குச் சாப்பிடு, பட்டறையில் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் வேலை செய்யாதே. அண்ணனுக்கு ஒரு போன் போடு, என்னிடம் இன்னும் பேசவில்லை.

உன் அப்பா,
அம்பலவாணன்