இடக்கோடித் தூண்

சவாயி தீவு,
ஞாயிறு, மாலை ஆராதனைக்குப் பின்

என் உடன்பிறந்த சௌனோவாவுக்கு அண்ணன் இயாகோபோ எழுதுவது. கடலுக்கு எல்லை வகுத்தவருடைய சமாதானம் பிரிஸ்பேனில் உன் வாசலில் தங்குவதாக.

உன் உடல்நிலையை உன் மனைவி தெலேசா தொலைபேசியில் சொல்லித்தான் அறிகிறேன். இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அருகே நெடுநேரம் படுத்திருக்கிறாய் என்றும், ஊர்ப் பேச்சை எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாய் என்றும் சொன்னாள். நீ பேச வேண்டாம். இதை அவள் வாசிக்க, கேட்டால் போதும்.

இங்கே மழை ஓய்ந்தது. ஈரப்பலா காய்த்துக் கிளைகள் தாழ்ந்திருக்கின்றன. புயலில் விழுந்த நம் குடும்பத்துச் சபைவீடு மீண்டும் எழுந்து நிற்கிறது. போதகர் வந்து பிரதிஷ்டை செய்யவிருக்கிறார். வீட்டின் படத்தைச் சட்டமிட்டு, கடல் கடந்து வாழும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்புவதென்று ஊர்ச்சபை தீர்மானித்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பிறர் வாயால் நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிட வேண்டும்.

எடுத்தவள் நம் தங்கை மகள் மாலியா. ஆக்லாந்தில் கட்டடங்களைப் படமெடுப்பதே அவளுக்குத் தொழில். காலை ஜெபம் முடிந்ததும், சுவருக்குப் பதிலாகத் தொங்கும் ஓலைத் தடுக்குகளையெல்லாம் சுருட்டிக் கட்டச் சொல்லிவிட்டு, மணலில் நின்று எடுத்தாள். வளைந்து இறங்கும் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும், அவற்றினூடே தெரியும் மலைச்சரிவும் தெளிவாக விழுந்திருந்தன. ஆனால் வாங்கிய சட்டங்கள் ஏறக்குறையச் சதுரமானவை, வீடோ நீளமானது. முழுவதையும் அதற்குள் அடக்கினால், மேலே வெறும் வானமும் கீழே வெறும் மணலும் பெருகி, நடுவில் வீடு நண்டுக்கூடை அளவாகச் சிறுத்துவிடுகிறது.

ஆகவே சபை கூடிய அன்று படத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பாயில் விரித்தாள். பிஸ்கட் பெட்டி அட்டையில் தச்சரின் மூலைமட்டம் போல இரண்டு துண்டுகள் வெட்டி வந்திருந்தாள். அவற்றை எதிரெதிரே வைத்து நகர்த்தினால், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது கண்முன் தெரியும். இடப்பக்க அட்டையை அவள் உள்ளே தள்ளினாள். இடக்கோடியை ஒட்டி நிற்கும் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி மறைந்தது. கூரை பெருத்தது, வலப்பக்கம் ஈரப்பலாவின் நிழல் வந்து வீட்டை அணைத்தது. வீடு மூச்சை இழுத்து நிமிர்ந்ததுபோல் இருந்தது. எல்லோரும் தலையசைத்தார்கள்.

பட்டம் ஏற்ற தலைவர்கள் மட்டுமே அமரும் நம் சபையின் பேச்சாளர் ரோப்பாத்தியின் வாய் நீ அறிந்ததே. "தண்ணித்தொட்டிக்கு யாருப்பா பட்டம் கட்டுனது? இத்தனை நாளா நமக்கு முன்னால உக்காந்துருந்துச்சு. இப்பதான் மரியாதை தெரிஞ்சு எந்திரிச்சுப் போயிருக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது.

நான் சிரிக்கவில்லை. தொட்டியோடு இடக்கோடித் தூணும் போயிருந்தது. உன் தூண்.

மாலியாவை நோகாதே. அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தூண் என்பது கூரையைத் தாங்கும் மரம். ஒவ்வொரு தூணும் ஒரு பட்டத்தின் இருக்கை என்பதும், உரியவர் இல்லாவிட்டாலும் அதில் வேறொருவர் முதுகு சாய்வதில்லை என்பதும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பத்தின் மூத்த பட்டம் எனக்கு வந்த அன்று, இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்று நீ சபை நடுவே சொல்லிவிட்டுப் படகேறினாய். அன்று முதல் அந்தத் தூண் வெறுமையாகவே இருக்கிறது. பழைய வீட்டில் அப்படி இருந்தது. புதிய வீட்டிலும் அப்படியே நிற்கிறது. அது இல்லாத படம் உன் சுவருக்கு வந்தால், நீ சொன்ன சொல்லுக்கு நாங்களே சாட்சி எழுதி அனுப்பியதாகிவிடும்.

மாலியாவிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது. அப்போது, சென்ற ஆண்டுதான் பட்டம் ஏற்றுச் சபைக்கு வந்த பிலிப்போ, "ஆளே இல்லாத தூணு. வெட்டுனா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று கேட்டுவிட்டான். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அட்டைகளை வாங்கினேன். இடப்பக்க அட்டையைத் தொட்டிக்கு அப்பால் தள்ளி, வலப்பக்க அட்டையை அதே அளவு உள்ளே இழுத்தேன். ஈரப்பலா போயிற்று, அதன் நிழல் போயிற்று, வலக்கோடியில் என் தூணும் போயிற்று.

ரோப்பாத்தி தாழ்ந்த குரலில், "பெரியவரே, நீங்க வெட்டுறது உங்க இடத்த" என்றார்.

"நான் இங்கதான இருக்கேன், ரோப்பாத்தி. என்னைப் பாக்கணும்னா யாரும் எப்பவும் பாக்கலாம். தம்பிய எங்க போயி பாக்குறது?" என்றேன்.

தொழில் தெரிந்தவள் சொல்ல வேண்டியதை மாலியா சொன்னாள்: "மாமா, அந்தக் கறுப்புத் தொட்டி கண்ண அங்கேயே இழுக்கும்."

"இழுக்கட்டும்மா. அங்கதான் பாக்கணும்."

அவள் நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பின் மேல்பக்கத்தைச் சற்று இறக்கி வானத்தைக் குறைத்தாள். கூரை வலப்பக்கம் முடியாமல் ஓடுவதால், வீடு தாளுக்கு வெளியேயும் தொடர்வதாகத் தோன்றும் என்றாள். முன்னது அழகு, இது உறுதி என்றும் சொன்னாள்; எனக்கு வேறுபாடு விளங்கவில்லை. பிலிப்போ எழுந்து, சபையார் பருகும் காவா பானத்தைக் கலக்கப் போனான். மறுத்தவர் எவருமில்லை. அச்சுக்குப் போய்விட்டது, உனக்குரியது இக்கடிதத்தோடு வருகிறது.

தெலேசா இன்னொன்றும் சொன்னாள். அங்கே ஒரு கல்லறை நிலம் வாங்கி வைத்திருக்கிறாயாம். அதைக் கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போய், அப்பாவும் அம்மாவும் துயிலும் இடத்தருகே அமர்ந்திருந்தேன். அங்கே முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சொந்த மண் இல்லாதவர் எவரேனும் அந்த ஊரில் இருப்பார்கள். அந்த நிலத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடு.

இங்கே நம் தலைநகர் அப்பியாவின் மருத்துவமனையிலும் அந்த இயந்திரம் உண்டு, விசாரித்து வைத்திருக்கிறேன். பிரதிஷ்டைக்கு நாள் குறிக்க வேண்டாம், தம்பி பயணத்துக்குத் தேறட்டும் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் சம்மதித்தார்.

தளர்ந்தவனைத் தோளில் சுமக்கிறவர் உன்னை இங்கே கொண்டுவந்து சேர்ப்பாராக. மெதுவாகவே வா, தம்பி. ஆனால் வா.

உன் அண்ணன்,
இயாகோபோ