வியாழக்கிழமை வயிற்றுவலி

ஜூலை 7, திங்கள்

இன்று காலையும் இரண்டு நிமிடம் அம்மாவாக இருந்தேன்.

பள்ளி வாசலில் தம்பியைக் குனியவைத்து, அவன் முதுகையே மேசையாக்கி, நீல நோட்டில் அம்மாவின் கையொப்பம் போட்டேன். அவன் நெளிந்ததில் கடைசி எழுத்துக்கு வால் நீண்டுவிட்டது. பரவாயில்லை. அம்மாவுக்கு இருக்கும் ஒரே வால் நான்தான் என்று இறுமாந்திருந்தேன், இப்போது போட்டிக்கு இன்னொன்று.

நீல நோட்டு இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோரிடமும் உண்டு. டீச்சர் தினமும் ஒரு வரி எழுதி அனுப்புவார். வீட்டார் படித்து, கையொப்பம் போட்டு, பதில் இருந்தால் எழுத வேண்டும். ஜூன் மாதம் ஒரு நாள் கையொப்பம் இல்லாமல் தம்பி வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அம்மா ஐந்தரைக்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போயாச்சு. அப்பா அதற்கும் முன்னால் பஸ் எடுக்கப் போயாச்சு. நான் போட்டேன். அழுகை நின்றது. அவசரத்துக்குப் போட்டதுதான். அவசரம் தினமும் வரும் என்று யார் கண்டார்கள்?

தம்பி ஒருமுறை கேட்டான், “இதெல்லாம் அம்மா எழுதச் சொன்னதாக்கா?” என்று. ஆமாம், அம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்றேன். நாலு மணிக்கு வந்து அம்மா கேட்பாள்: “நோட்டுல ஏதாவது இருக்காடி?” “ஒண்ணுமில்லம்மா, நான் பாத்துக்கிறேன்.” பொய் இல்லை. பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 10, வியாழன்

பொத்தானுக்கு மறுபடி வயிற்றுவலி. (பொத்தான் என்றால் தம்பி. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் டப்பாவில் உள்ள பொத்தான்களை நிறம் பிரித்து அடுக்குவதில் அவனுக்கு உயிர். அவன் சட்டையில் மட்டும் எப்போதும் ஒன்று குறையும்.) அவனை அந்த அக்காவிடம் விட்டுவிட்டு நான் என் பள்ளிக்கு ஓடினேன். அம்மாவுக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நாளைக்கான விடுப்புக் கடிதம் தயார்:

“மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, என் மகனுக்கு நேற்றுக் காலை தொடங்கிய விக்கல் நான்கு மணி நேரம் நீடித்தது. தண்ணீர் கொடுத்தோம். பயமுறுத்தினோம். முதுகுக்குப் பின்னால் பலூன் உடைத்தோம். அதிர்ச்சியில் பலூன் உடைத்த எனக்கு விக்கல் வந்துவிட்டது, அவனுக்கு நிற்கவில்லை. விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.”

வயிற்றுவலி என்று மூன்று முறை எழுதியாச்சு. ஒரே நோயை எத்தனை முறை எழுதுவது? எழுதுகிறவளுக்கும் ஒரு கௌரவம் இருக்கிறதே.

ஜூலை 11, வெள்ளி

பதில் வந்துவிட்டது. குடை டீச்சர் (வெயில், மழை, வகுப்பறை, எங்கேயும் குடை கூடவே இருக்கும்) எழுதியிருக்கிறார்:

“உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோரும் படித்தோம். விக்கல் நின்றதா? வரும் வியாழன் பத்து மணிக்கு ‘வீட்டார் நேர’த்துக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். இது மூன்றாவது அழைப்பு. போனிலும் கிடைப்பதில்லை.”

போனில் எப்படிக் கிடைப்பாள்? சலவைக்கூடத்தில் வேலை முடியும்வரை போனைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வீட்டார் நேரம் என்பது, வீட்டிலிருந்து யாராவது வந்து தன் வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்வது. அம்மாவிடம் கேட்கலாம். கேட்டால் நோட்டைக் காட்டு என்பாள். நோட்டைக் காட்டினால் என் இலக்கியப் பணி அம்பலமாகும்.

எழுதினேன்: “மிக வருந்துகிறேன். வேலை நெருக்கடி. வர இயலாது.” மூன்றாவது முறை. இதற்கெல்லாம் கற்பனையே தேவைப்படவில்லை.

ஜூலை 17, வியாழன்

வயிற்றுவலி. கடிதத்தில்: கண்ணில் தூசி. எனக்குச் சரக்கு தீர்ந்துகொண்டே வருகிறது.

ஜூலை 18, வெள்ளி

சிவப்பு மை.

“ஐந்து வியாழக்கிழமைகள் வரவில்லை. வருகை இப்படியே போனால் ஆண்டு முடிவில் இதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். நல்ல பையன். காரணம் தெரிய வேண்டும். நேரில் வாருங்கள்.”

விக்கலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூசியைப் பற்றியும் இல்லை.

கையொப்பம் போடவில்லை. பழைய பக்கங்களையெல்லாம் சேர்த்து ஒரு கிளிப் போட்டு, நோட்டைப் பையின் அடியில் தள்ளினேன். கிளிப் போட்டால் மறைந்துவிடுமா? தெரியாது. போட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

கிழிந்த பாவாடையைத் தைக்கக் கொடுக்கப் போனபோது தையல்கார அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, உன் தம்பிக்கு வர்ற வலி என்ன கடிகாரம் கட்டிக்கிட்டு வருதா? பத்தரை ஆனா டான்னு போயிடுது.”

“மருந்து வேலை செய்யுதுக்கா.”

“என்ன மருந்து?”

“பொத்தான்.”

சிரித்தார். ஊசியில் நூல் கோத்தபடியே, “பத்து மணிக்கு அங்க என்ன நடக்குதுன்னு கேட்டியா?” என்றார்.

கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்று மூன்று முறை படித்து, மூன்று முறை மறுப்பு எழுதியவள் நானே.

மாலையில் மாடிப்படியில் அவனை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் படியின் சுண்ணாம்பைச் சுரண்டினான். பிறகு கொட்டினான்.

“செவுத்துல ஒரு பேப்பர் பஸ் இருக்குக்கா. முப்பத்தோரு ஜன்னல். யார் வீட்ல இருந்து வராங்களோ அவங்க மூஞ்சிய வரைஞ்சு ஒட்டணும். எல்லாருதும் ஒட்டியாச்சு. என் ஜன்னல் மட்டும் காலி.”

“காலியா இருந்தா என்ன?”

“அது வழியா குளிருதுன்னு சொல்லி நடுங்கிக் காட்டுறானுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு யார் தம்பியாவது சொல்லியிருந்தால் வந்திருக்கும்.

“அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“அம்மாதான் வரமாட்டேன்னு எழுதிட்டாங்களே. நீதானக்கா சொன்ன, அம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதுறேன்னு.”

— ஆமாம். நான்தான் சொன்னேன்.

ஒரு மாதத்துக்கு மேலாக அவன் அம்மா பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். இதை மனசில் வைத்துக்கொண்டே தூங்குகிறான்.

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட வேண்டும் என்று அம்மா முன்னால் போய் நின்றேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “என்னடி முழிக்கிற? எதை உடைச்ச?” என்றாள். ஒன்றையும் உடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைப் போட்டு உடைக்கத்தான் முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

சலவைக்கூடத்தில் பாய்லர் கெட்டுவிட்டது. அம்மாவுக்கு இரண்டு நாள் விடுமுறை. நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பொத்தானின் பையை அவளே அடுக்கியிருக்கிறாள். நோட்டில் நேற்றைய வரி, ‘வாய்ப்பாடு படிக்கவும்’, கையொப்பம் இல்லாமல் இருந்தது. போட்டுவிட்டாள். முன்பக்கங்களில் இருந்த கிளிப்பைப் பார்த்து, “பரவாயில்லையே, பழசையெல்லாம் ஒழுங்கா சேத்து வெச்சிருக்க” என்று என்னைப் பாராட்டவும் செய்தாள். நான் ஈரத் தலையோடு நின்றேன்.

அந்த நோட்டில் முதல்முதலாக ஓர் உண்மையான கையொப்பம். அதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று பள்ளிக்குப் போனேன்.

மாலை வந்தால், அம்மா வாசற்படியில் நோட்டை விரித்தபடி நிற்கிறாள். அவள் கையொப்பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில்:

“இது அம்மாவின் கையொப்பம் அல்ல. பையனே போட்டதாகத் தெரிகிறது. கண்டிக்கவும்.”

“பதினெட்டு வருஷமா சம்பள நாளுக்கெல்லாம் இந்தக் கையெழுத்துதான் போடுறேன்,” என்றாள் அம்மா. “ஒருத்தரும் சந்தேகப்படல. என் புள்ளை நோட்டுல போட்டா பொய்யாமே.”

பொத்தான் என்னைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு கிளிப்பைக் கழற்றினாள்.

சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். வால் நீண்ட கையொப்பத்தில் விரலை வைத்து, “என்னுதவிட அழகாத்தான் இருக்கு” என்றாள். பலூன் வந்த இடத்தில் அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, எனக்குத் தெரியும், சிரிப்பை அடக்கினால் அப்படித்தான். தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த பக்கம் ‘வர இயலாது’. அதைப் படித்தாள். முன்னால் புரட்டி, மற்ற இரண்டையும் படித்தாள்.

“வர முடியாதுன்னு நான் எப்படி சொன்னேன்?”

நான் தரையில் கிடந்த கிளிப்பை எடுத்துத் திறந்து மூடினேன்.

“சொல்லுடி. என்னை யாரு கேட்டா?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது துடுக்காகச் சொல்லியிருப்பேன். அம்மா, நீ களைச்சு வர, அதான், நான்... இல்லை. அதெல்லாம் இப்போது கண்டுபிடித்தது. கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்றுதான் கேட்கவில்லை. அதையே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், எழுதத்தான் வெட்கம்.

பேப்பர் பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். அம்மா பொத்தானை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேடா.”

“வரமாட்டேன்னு உங்க வாயால சொல்லிட்டா?” என்றான் அவன். நோட்டில் மட்டும் இருந்தவரை அதில் அவனுக்குப் பாதிதான் நம்பிக்கையாம்.

ஜூலை 23, புதன்

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குடை டீச்சரிடம் போனாள். டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தார். அம்மா ஒரு கையொப்பம். கீழே நான் ஒரு கையொப்பம். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்ப நான் இத்தனை நாளா யார் கூடப் பேசிக்கிட்டிருந்தேன்?”

“இவகூட,” என்றாள் அம்மா. “நானே நேத்துதான் படிச்சேன். நல்லாதான் பேசியிருக்கேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. குடையை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “விக்கல் கடிதம் படிச்சு நானும் சிரிச்சேன்மா. சிரிச்சதுல, இவன் ஏன் வியாழக்கிழமை மட்டும் வரலன்னு யோசிக்க மறந்துட்டேன். அது என் தப்பு. மீதி உன்னுது.”

சரியான பங்கீடு. மறுத்துப் பேச இடமில்லை. அம்மாவின் பங்குக்கு ஒரு தண்டனை: ஒரு மாதம் ஞாயிறுதோறும் வீட்டுத் துணி முழுக்க நான்தான் துவைக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

அம்மா மேற்பார்வையாளரிடம் கேட்டு, பதினோரு மணிக்கு மேல் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க அனுமதி வாங்கி, பக்கத்துக் கட்டடத்துத் தொடக்கப்பள்ளி ஜன்னலில் போய் நின்றேன். வகுப்பில் இத்தனை தாகம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அம்மா வேலைத்தொப்பி போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றை உதறினாள் பாருங்கள், வகுப்பு முழுக்கக் காற்று. “இதைத் தனியா மடிக்க முடியாது. அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?” முப்பத்தொரு கை. அம்மா பொத்தானைக் கூப்பிட்டாள். அவன் இரண்டு மூலையைப் பிடித்தபடி நடந்து வந்து அம்மா கையில் சேர்த்தான், மறுபடி பின்னால் போனான், மறுபடி வந்தான். ஒவ்வொரு மடிப்புக்கும் விரிப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. அவன் முகம் பெரிதாகிக்கொண்டே போனது.

“எங்கம்மா ஒரு நாளைக்கு நானூறு மடிப்பாங்க,” என்றான்.

நானூறு என்று எனக்கே தெரியாது.

ஜூலை 28, திங்கள்

நோட்டில் இப்போது அம்மாவே எழுதுகிறாள். இன்று: “படித்தேன். சரி.” நடை கொஞ்சம் வறட்சி. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பஸ் என்றால் டிரைவர் வேண்டாமா என்று அப்பா போன வாரமே கேட்டிருந்தார். இன்று விடுமுறை எடுத்துப் போய்விட்டார். ஹாரன் சத்தத்தை வாயால் போட்டதில் பக்கத்து வகுப்பும் வந்துவிட்டதாம். டிரைவர் ஜன்னலில் இப்போது அப்பாவின் முகம், மீசை மட்டும் ஜன்னலுக்கு வெளியே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நோட்டில் டீச்சரின் வரி, அம்மாவுக்கு இல்லை, எனக்கு:

“முன்பு அம்மாவாக இருந்தவருக்கு: நான்கு மணி நேர விக்கலைக் கதையாகப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரும் வியாழன் வரவும். ஜன்னல்கள் நிறைந்துவிட்டன. படியில் தொங்க இடம் உண்டு.”

அம்மா படித்துக் காட்டிவிட்டு, “வர இயலாதுன்னு எழுதிடவா?” என்றாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை ஏழு மணி. வயிற்றுவலி. நிஜமாகத்தான். ஏழு வயசுக்காரர்கள் முப்பத்தொரு பேர், ஒருவர்கூடச் சிரிக்காவிட்டால்? கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

பொத்தான் ஷூ போட்டுக்கொண்டு தயாராக நின்றான். சட்டையில் எல்லாப் பொத்தானும் சரியாக இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு நீல நோட்டை எடுத்து, என்னைக் குப்புறத் திருப்பி, என் முதுகின்மேல் வைத்து எழுதினான். நேரம் எடுத்துக்கொண்டு எழுதினான். கூச்சமாக இருந்தது. நெளிந்தால் திட்டினான்.

“டீச்சர், அக்காவுக்கு வயிறு வலிக்குது. பத்தரைக்குப் போயிடும். கூட்டிட்டு வரேன். இப்படிக்கு, தம்பி.”

கீழே கையொப்பம். அவனுடையதுதான், சரிபார்த்துவிட்டேன்.