நைனா, உனக்குப் பதில் நான் நடந்தேன்

என் ஆசை நைனாவுக்கு,

உன் போனை நான் இன்னும் அணைக்கவில்லை. நேற்றும் ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் ஷூட்டிங்குக்கு ஆள் கேட்டு வந்திருந்தது. வயதானவர்கள் வேண்டுமாம், வெள்ளை வேட்டியோடு வரவேண்டுமாம், பஞ்சாயத்து சீனாம். நீ போனது அவருக்குத் தெரியும். மாலையோடு வந்து வாசலில் நின்று அழுதவர்தானே. குரூப்பிலிருந்து உன்னை எடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது.

நான் நன்றாக இல்லை நைனா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோறு இறங்கவில்லை. என் தலையைப் பார்த்தால் நீயே பயந்துபோவாய். ஆம்பளைக் கிராப்பு. தெருவில் போனால் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றுதான் போகிறார்கள்.

ஏன் என்று கேட்கிறாயா? உன் முகத்துக்காகத்தான்.

எத்தனை ஷூட்டிங்கில் நாம் இரண்டு பேரும் கூட்டமாக நின்றிருப்போம்! சந்தைக் கூட்டம், திருவிழாக் கூட்டம், எழவு வீட்டுக் கூட்டம். ஹீரோவுக்குப் பின்னால் காலி டம்ளரில் நாளெல்லாம் டீ குடிப்பாய். அது டிவியில் வரும்போது, "தோ, தோ, அந்த நீலச் சட்ட, அது நான்தான்" என்று கத்துவாய். நாங்கள் நிமிர்வதற்குள் போய்விடும். ஒரு தோள் வரும், ஒரு முழங்கை வரும், பாதிக் காது வரும். முகம் ஒன்றில்கூட வந்ததில்லை.

அந்தச் சின்னப் படத்துக்காரர்கள்தான் உனக்கு முகம் கொடுத்தார்கள். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வரும் அப்பா வேஷம். மாமியாருக்குப் பயந்து அவள் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. "சும்மா உன்ன பாத்துட்டு போலாம்னு வந்தேம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். கேமராவைப் பார்க்காதே என்று காலமெல்லாம் திட்டு வாங்கிய உன்னைக் கேமராவுக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒரே டேக்கில் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே, உன் கண்ணில் நடிப்பே இல்லை. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. நடந்து போகும் ஷாட்டை அடுத்த முறை எடுக்கலாம் என்றார்கள்.

அடுத்த முறைக்குள் உனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் அந்தப் படத்து மேனேஜர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நடந்து போற ஷாட்டு இல்லாம அந்த சீனே நிக்காது. வேற பெரியவர வெச்சு முழுசா திரும்ப எடுத்துக்கலாம்னு டைரக்டர் சொல்றாரு."

"அப்போ எங்க நைனா மூஞ்சிங்க?" என்றேன்.

நேரில் போய்க் கெஞ்சினேன். டைரக்டரும் சின்னப் பையன்தான், கல் நெஞ்சுக்காரன் இல்லை. உன் சட்டையை இரண்டு ஆட்களுக்கு மாட்டி, பின்பக்கமாக நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறான். "அந்த நட வரலக்கா" என்றான். எப்படி வரும்? வலது தோளைச் சாய்த்து, காலை அகட்டி நீ நடக்கும் நடை ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? "அப்பனும் பொண்ணும் சேந்து போனா, சக்கரம் கோணிக்கின வண்டி ரெண்டு போற மாதிரி கீது" என்று அம்மா நம்மைக் கிண்டல் செய்வாளே.

"முதுகுதானே, நான் நடக்கறேன்" என்றேன். அங்கேயே நடந்தும் காட்டினேன். நடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "முடிக்கு இன்னாக்கா பண்றது?" என்று கேட்டான். விக் வாங்க அவர்களிடம் வசதி இல்லை. நம் மலைக் கோயிலில் மொட்டை போட்டுத் தினம் மூட்டை மூட்டையாக முடி விழுகிறது, எனக்கு ஒரு விக் கிடைக்கவில்லை பார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தாலி அறுத்தவ நானு. தலமுடிய நீ ஏண்டி எடுக்கற? மனுசனே பூட்டாரு, மூஞ்சி இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?" அதற்குப் பதில் உனக்காவது தெரியுமா? ஏஜென்ட்டும் சொல்லிவிட்டார். "சீரியல்ல பக்கத்து வூட்டு அக்காவா நின்னுகினு இருக்கறே. முடி போச்சுன்னா முன்ன எடுத்ததோட ஒட்டாது, கன்டினியூட்டி போச்சு. வேற ஆள போட்ருவாங்கம்மா." போட்டும் விட்டார்கள். இந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் நிரந்தர வருமானமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் சலூன்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "மலைல போயி குடுத்தா புண்ணியமாச்சேம்மா."

"புண்ணியத்துக்கு இல்லிங்கண்ணா, ஷூட்டிங்குக்கு" என்றேன். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை.

உன் சட்டை, உன் வேட்டி. உள்ளே துண்டை இறுக்கிச் சுற்றி, தலைக்கு வெள்ளை பூசினார்கள். ஒரு சாயங்கால வெளிச்சம்தான் கையில் இருந்தது. தெருவில் கும்பிட்டுக் கேட்டுத் தறிச் சத்தத்தை நிறுத்தவைத்தார்கள். "இன்னா ஆனாலும் திரும்பக் கூடாதுக்கா" என்றான் டைரக்டர். நடந்தேன். மகளாக நடித்த அந்தப் பெண் வாசலில் நின்று, "நைனா!" என்று கூப்பிட்டது.

திரும்பிவிட்டேன். உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நீ பின்னால் எங்கோ நிற்கிறாய் என்று தேடிவிட்டேன் நைனா.

"கட்! அக்கா, இன்னொரு டேக்குக்குத்தான் லைட்டு கீது" என்று அவன் கத்தினான். அதுவும் கெட்டால் உன் முகம் குப்பைக்குப் போகும்.

மறுபடி நடந்தேன். மறுபடி "நைனா". அப்புறம் இன்னும் சத்தமாக. அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கட் சொன்னதுகூடக் காதில் விழாமல் தெருமுனை தாண்டிப் போய், ஒரு சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். டைரக்டர் ஓடி வந்தான். "ஓகேக்கா. பெரியவர் படத்துல இருப்பாரு" என்றான். படம் வருமா, வராதா, அது அவனுக்கே தெரியாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, கதவு சாத்தும்வரை கத்தினேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று இத்தனை நாளும் உன்மேல் ஆத்திரம், தாங்க முடியாத ஆத்திரம். உன் சட்டைக்குள் இருந்தபோது அந்தப் பெண் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டது நைனா. கேட்டும் திரும்ப முடியவில்லை. உனக்கும் கேட்டதா?

ஏன் திரும்பவில்லை என்று இனி ஒருநாளும் கேட்க மாட்டேன். ஆனால் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மூத்த பொண்ணு,
வசந்தி