உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்

மார்ச் 9
மழை. கிழங்கு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நிலவறைக்குள் இறங்கி ஒரு புட்டியைத் திறந்தேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய அறுவடை. அம்மாவுக்குத் தெரியாமல் மூட்டைகளுக்குப் பின்னால் நான் ஒளித்த இருபத்து நான்கில் இது இரண்டாவது. முதல் வருஷம் பச்சை ஆப்பிளாகக் கடித்த வைன். இப்போது தேன், காய்ந்த ஆரஞ்சுத் தோல், நனைந்த கருங்கல். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பு. நம் கழிமுகத்தின் அதே உப்பு. தனியாக நின்று சிரித்தேன். கிழங்கை மறந்துவிட்டேன்.

மார்ச் 15
அம்மாவிடம் கேட்டேவிட்டேன். இந்த வருஷத்து மூன்று தொட்டியில் ஒன்றையாவது புட்டியில் அடைத்து மூன்று வருஷம் கிடக்க விடலாமே என்று.
"வெள்ளை வைனும் மத்தி மீனும் எனக்கு ஒண்ணுதான்டி. வெச்சா நாறும்."
"புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னா—"
"புத்தகமா வந்து குடிக்கப்போகுது? ஜூன் கடைசில விற்பனை முடிஞ்சு வாசல் கிளைய எறக்கும்போது மூணு தொட்டியும் காலியா இருக்கணும்."
நம் கம்பாதோஸ் ஊரில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். வைன் மிஞ்சினால் விற்கத் தெரியாதவள் என்று பெயர். ஒளித்து வைத்ததைச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் இவ்வளவு கோழையாக இருக்கிறேன்?

மார்ச் 26
வீட்டு வைன் விற்பனை தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாக வாசலில் பிரிஞ்சிக் கிளை கட்டினோம். இனி ஊர் முழுக்க நம் கொடிப்பந்தலின் கீழ்தான், வெள்ளைக் கிண்ணமும் கையுமாக.

ஏப்ரல் 17, ஈஸ்டர்

பந்தல் நிறையக் கூட்டம். தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடை சுடக் கிழங்கு எடுக்கப் போன ஒபுதூலியா சித்தி என் புட்டிகளைப் பார்த்திருக்கிறாள். கூஜா கூஜாவாக ஊற்றி அனுப்பிவிட்டாள். பதினாறு புட்டி! சீட்டு ஒட்டியிருக்கலாம்தான். ஒளித்த பொருளுக்கு யார் சீட்டு ஒட்டுவார்கள்?
கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பத்தில் வேலை செய்யும் எலாதியோ அம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "ஏ தோரிந்தா! இத்தன வருஷமா நல்லத உள்ள வெச்சுக்கிட்டு எங்களுக்குக் கிண்ணம் கழுவின தண்ணியவா ஊத்துன?"
அம்மா அவர் கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.
"எந்தத் தொட்டி இது?"
"தொட்டி இல்லம்மா. நாலு வருஷத்துப் பழசு. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."
சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள்.
"திருட்டுக் கழுதை," என்றாள் அம்மா. எலாதியோவுக்குக் கிண்ணம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 18
மிச்சம் ஆறு புட்டி.

மே 3
ஐந்து. நான் குடிக்கவில்லை.

ஜூன் 30
தோழியின் கல்யாணத்துக்காக நான்கு நாள் சந்தியாகோ நகரில் இருந்துவிட்டு, கிளை இறக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். மூன்று தொட்டியும் காலி. அம்மா சொன்னபடியேதான். ஆனால் மூன்றாவதிலிருந்து ஒரு கூஜாகூட வெளியே போய் நான் பார்க்கவில்லை. கேட்டால், "போய்க் கிழங்கு எடுத்துட்டு வா" என்றாள்.
இறங்கினேன். மூட்டைகளுக்குப் பின்னால் சுவர்வரை புட்டிகள், வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன. முன்வரிசையில் ஒரு சீட்டு, அம்மாவின் கையெழுத்து: 'மூணு வருஷத்துக்கு எவளும் தொடக் கூடாது. ஒபுதூலியா, உனக்குத்தான் சொல்றேன்.'
இன்றும் கிழங்கை மறந்துவிட்டேன்.