எழுத்து உடைந்த வினாத்தாள்

ஆகஸ்ட் 11, திங்கள்

ஓணப் பரீட்சைக்கான ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளை மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றி முடித்தேன். வடகரப்பதி பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகள் மூன்றுக்கும் இதே தாள்தான். பத்து வருடமாகக் கை பழகிய எழுத்துருவில் வீட்டு மடிக்கணினியில் அடித்து, அப்படியே கல்வி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். கழுத்து வலி.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று சமூக அறிவியல் பரீட்சை.

வினாத்தாள் கட்டைப் பிரித்தால் தமிழே இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள், சதுரங்கள், கேள்விக்குறிகள். 'பொருத்துக' கட்டம் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. முன்பெஞ்சு பிரதீபா எழுந்து கேட்டாள்: "டீச்சர், இது எந்த பாஷைங்க?"

கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன் என்றேன். தலைமை ஆசிரியர் ரமேஷ்குமார் அலுவலகத்தைக் கேட்டார். உத்தரவில்லாமல் ஒன்றும் செய்யக் கூடாதாம். மணி அடிக்கும்வரை பிள்ளைகள் வெள்ளைத்தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பள்ளியிலும் சேர்த்து அறுபத்தொரு பேர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ஜினோ திரையைத் திருப்பிக் காட்டினார். "டீச்சர் அனுப்பினது இங்கே இப்படித்தான் திறந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதல்லோ."

தெரியாதென்றால் தெரிந்த ஒருவரிடம் காட்டக் கூடாதா? மலையாளத் தாள் இப்படி வந்திருந்தால் அச்சுக்குப் போயிருக்குமா? இந்தப் பாடத்துக்கு மற்றப் பாடங்களின் மதிப்பெண் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அதிகாரி. தமிழ்ப் பிள்ளைகள்தானே, அதனால் சராசரி போதும்! எனக்கு விளக்கம் கேட்டு மெமோ.

ஆகஸ்ட் 22

ஆறவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

கணினி ஆசிரியர் சிவப்பிரகாஷ் என் கோப்பைப் பள்ளிக் கணினியில் திறந்தார். இங்கேயும் அதே அலங்கோலம். அந்த எழுத்துரு என் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியிலும் அலுவலகத்திலும் இருப்பது வேறு மென்பொருள்.

"ஜூன்லயே சொன்னனுங்களே டீச்சர். யூனிகோட்ல அடிச்சு, கூடவே ஒரு பிடிஎஃப்பும் அனுப்புங்கன்னு. அதுல எழுத்துரு உள்ளேயே போயிருமுங்க."

சொன்னார்தான். எனக்குத் தெரியாததா இவருக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு தலையாட்டிட்டு வந்தேன். என்ன திமிரு எனக்கு? சேவ் பண்ணும்போது ஒரு பட்டனை மாத்தி அழுத்தத் தெரியலையா — இல்ல, மனசு வரலையா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முழுத் தாளையும் யூனிகோடில் மறுபடி அடித்தேன். அலுவலக மென்பொருளுக்கு ஏற்ற .odt கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று. இரண்டையும் சிவப்பிரகாஷ் தன் கணினியில் திறந்து பார்த்து, கட்டம் உடையவில்லை என்று சொன்னார்.

பிறகு விளக்கம்: "எல்லாக் கணினியிலும் திறக்கும் வடிவில் அனுப்பாதது என் தவறு. வாசிக்காமல் அச்சடித்தது அலுவலகத்தின் தவறு. பிள்ளைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. மறுதேர்வு வேண்டும்."

ஆகஸ்ட் 25, திங்கள்

ரமேஷ்குமார் படித்துவிட்டு, "முதல் வரி எதுக்குங்க? நாளைக்கு உங்களுக்கே வினையாயிரும்" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். அதை எடுத்தால் இரண்டாவது வரியை எந்த முகத்தோடு எழுதுவது? பிரதீபாவின் அப்பா நஞ்சப்பன் மறுதேர்வு கேட்டுப் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். சேர்த்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

செப்டம்பர் 10 மறுதேர்வு. எனக்கு எழுத்துப்பூர்வமான கண்டிப்பு. அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை. நினைத்தாலே எரிகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஜினோ போன் செய்தார். முதல் பிரதி வந்திருக்கிறது, டீச்சர் வந்து வாசித்துச் சொன்னால்தான் மீதியை அடிப்பேன் என்றார். போனேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். பன்னிரண்டாவது கேள்வியில் ஒரு ஒற்றுப்பிழை, என்னுடையதுதான். திருத்திக் கொடுத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

பரீட்சை முடிந்து பிரதீபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "கேள்வியெல்லாம் ரொம்பக் கஷ்டமுங்க டீச்சர். இப்படியா கேப்பாங்க?" பின்னால் வந்த எல்லாருக்கும் அதே குறை. மொத்த வகுப்பும் என்மேல் கோபமாக வீட்டுக்குப் போனது.