சேமித்தவுடன் பதிவேற்று

ஒக்ரோபர் 7, திங்கள்

வின்சன்ற் அண்ணை கனடா போகும்போது எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் இணையத்தளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பக்கம் எழுதுகிற பழைய எடிற்றர் மென்பொருள், பழைய கோப்புகள். பரவாயில்லை, தளம் எழுதியிருக்கிற பிஎச்பி நிரல்மொழி எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு சங்கக் கூட்டம். தளத்தை வைத்திருப்பதா, மூடுவதா என்று அங்கேதான் முடிவு. தலைவர் கிறகோரி மாமா மூடுகிற கட்சி. "ஆர் பிள்ளை உதைப் பாக்கினம்? கோயில் மணி அடிச்சாக் காணும்" என்று இன்றைக்கும் சந்தையில் வைத்துச் சொன்னார். புதுசாக்கிக் காட்டுகிறேன், பார்க்கட்டும்.

ஒக்ரோபர் 8

வெளியே போடாமல் ஓட்டிப் பார்க்க லப்ரொப்பிலேயே ஒரு சேர்வரை நிறுவினேன். எடிற்றரில் முன்னோட்டம் பார்த்தால் பக்கம் இல்லை, பிஎச்பி வரிகள் அப்படியே வந்து நிற்கின்றன. அப்பாவின் வலைகளைப் பிரித்துப் பழகிய அம்மா எட்டிப் பார்த்து, "உதென்னடி, கொப்பற்ரை வலை சிக்கின மாதிரிக் கிடக்கு?" என்றார்.

ஒக்ரோபர் 9

பிடித்துவிட்டேன்! கோப்பை நேரே திறந்தால் பிஎச்பி ஓடாது, சேர்வர் வழியாகத்தான் ஓடும். எல்லாவற்றையும் சேர்வரின் கோப்புறைக்குள் மாற்றி, எடிற்றரின் தள அமைப்பில் என் லப்ரொப்பையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைக் கொடுத்தேன். பக்கம் பளிச்சென்று வந்தது. கெட்டிக்காரிதான் நான். வின்சன்ற் அண்ணையின் மற்ற அமைப்புகளில் கை வைக்கவில்லை. ஓடுகிறதை ஏன் குழப்பவேணும்?

ஒக்ரோபர் 10, காலை

மரண அறிவித்தல் பக்கம்தான் முக்கியம். ஊரில் ஒருவர் செத்தால் கோயில் மணி அடிக்கும், அடக்கம் முடியும்வரை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. கரையில் நிற்கிறவனுக்குக் கைபேசியிலேயே தெரியவேண்டும். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே — வாயில் வந்தவர் கிறகோரி மாமா. "சங்கத் தலைவர் கிறகோரி காலமானார். இன்று தொழில் இல்லை." சேமித்தேன். என் திரையில் கறுப்புக் கரையோடு வடிவாக வந்தது. தேத்தண்ணி குடிக்கப் போகிறேன்.

பின்நேரம்

ஐயோ, மாதாவே. "சேமித்தவுடன் பதிவேற்று" — எடிற்றரில வின்சன்ற் அண்ணை போட்ட சரி அடையாளம் அப்பிடியே கிடந்திருக்கு. நான் இஞ்சை சேமிக்கச் சேமிக்க எல்லாம் உண்மையான தளத்துக்குப் போயிருக்கு. பாரிசில இருந்து மாமான்ரை தங்கச்சி கத்தி அழுதுகொண்டு கோல் எடுத்திருக்கிறா. போனைத் தூக்கினது மாமா.

ஒரு படகும் இறங்கேல்லை. ஊரின்ரை ஒரு நாள் தொழிலைக் கெடுத்துப்போட்டன். எந்த முகத்தோடை ஞாயிறு கூட்டத்துக்குப் போறது?

அறிவித்தலை அழித்துவிட்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். படலையடியில் இரண்டு பேர் மாலையோடு முழிசிக்கொண்டு நின்றார்கள். மாமா கதிரையில் இருந்தபடியே, "வா பிள்ளை, என்ரை செத்தவீட்டுக்கு நீயும் வந்திட்டியோ?" என்றார். அழுதுவிட்டேன்.

ஒக்ரோபர் 11

அடையாளத்தை எடுத்துவிட்டேன். வேறு ஒன்றும் எழுத மனமில்லை.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று தொழில் கெட்ட படகுக்காரரில் ஒருவன், சுபாஸ், விடவில்லை. "உந்தத் தளத்தை இண்டைக்கே மூடுங்கோ!" என்று கத்தினான். பலர் தலையாட்டினார்கள். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மாமா கையைக் காட்டி அவனை இருத்தினார். "மணி அடிச்சாலும் உவங்கள் ரெண்டு மூண்டு பேர் களவாய் இறங்குவாங்கள். இவள்ரை சொல்லுக்கு ஒரு படகும் இறங்கேல்லை. தளம் இருக்கட்டும்."

சுபாஸ் மெல்லக் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது மாமா ஒரு படத்தைக் கைக்குள் வைத்தார். புதுச் சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, ஸ்ரூடியோவில் போய் எடுத்திருக்கிறார். "அண்டைக்கு நீ படம் இல்லாமல் போட்டிட்டாய், ஒரு வடிவும் இல்லை. இதை வைச்சிரு. அவசரமில்லை."

இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சரி அடையாளம் எடுபட்டுத்தான் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தேன். பிறகு படத்தைச் சேமித்தேன், என் கணினியில் மட்டும்.